தை நெல்லும் மாசி விதையும்: ராமநாதபுரம் கடலோரத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் மேற்கே எனக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குக் காகிதம் எழுதிக் கொடுப்பது, விதை மூடையில் ஒட்டியிருப்பதைப் படித்துச் சொல்வது என்று சில வருடமாக அக்கம்பக்கத்துக்காரர்களுக்குக் கூடமாட இருக்கிறேன். தை பிறந்து அறுவடை மெஷின் ஊருக்குள் வந்துவிட்டால் போதும், களத்திலும் டீக்கடையிலும் போனிலும் அதே பத்துப் பதினைந்து கேள்விகள். சொன்னதையே சொல்வதில் சலிப்பில்லை. ஆனால் நெல்லை விற்றுவிட்டு வந்து கேட்கிறவர்களுக்கு என்னால் உதவ முடிவதில்லை. விற்பதற்கு முன்பே படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதி வைக்கிறேன். விலைகள் எல்லாம் 2025-26 பருவத்துக்கு உரியவை.

அண்ணே, கவர்மெண்டு விலை என்ன?

2025-26 பருவத்துக்குப் பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2,369 (பொது), 2,389 (சன்னம்). அதன்மேல் தமிழக அரசு ஊக்கத்தொகையாக 131, 156 என்று சேர்த்துத் தந்தது. கிலோவுக்குப் பார்த்தால் 25 ரூபாய், 25 ரூபாய் 45 காசு. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகப் பிடிப்பார்கள், ஆக ஒரு சிப்பம் பொது ரகம் 1,000 ரூபாய், சன்னம் 1,018 ரூபாய். கிலோ விலை இரண்டையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லாக் கணக்குக்கும் இதுதான் அடிப்படை.

சன்னமா மோட்டாவான்னு யாரு முடிவு பண்றது? அவங்க கண்ணால பாத்துச் சொல்றதா?

அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 2.5-க்கு மேல் வருவது சன்னம், கீழே வருவது பொது, அதாவது மோட்டா. ரகம் பெயர் சொன்னாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆர்.என்.ஆர். போட்டவர்கள் பயப்பட வேண்டாம், அது சன்னம்தான். சிக்கல் வருவது கலப்பு நெல்லில். சன்னத்தில் மோட்டா கலந்து கிடந்தால் 6 சதவீதம் வரைதான் பொறுப்பார்கள். அந்தக் கலப்பு களத்தில் வந்ததில்லை, பெரும்பாலும் விதையிலேயே வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வியாபாரி களத்துக்கே வந்து மூடை 1,400-ங்கிறார். கொடுத்துரலாமா?

முதலில் அவரிடம் கேட்க வேண்டியது, "மூடை எத்தனை கிலோ?" நம் பக்கம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மூடை எடை மாறுகிறது. 62 கிலோ மூடை என்றால் 1,400 ரூபாய்க்குக் கிலோ 22 ரூபாய் 58 காசு. அதையே 66 கிலோ என்று பிடித்தால் 21 ரூபாய் 21 காசுதான். விலை ஒன்று, எடை வேறு, நாம் 1,400 என்ற எண்ணை மட்டும் கேட்டுத் தலையாட்டிவிடுகிறோம்.

62 கிலோ சன்ன நெல் அரசு விலையில் 1,577 ரூபாய் 90 காசு. ஆக மூடைக்குச் சுமார் 178 ரூபாய் வித்தியாசம், 30 மூடைக்கு 5,340 ரூபாய். இதிலிருந்து வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, காயப்போடும் கூலி, வரிசையில் காத்திருக்கும் நாட்கள் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். கொள்முதல் நிலையம் பக்கத்து ஊரில் இருந்தால் அங்கேதான் லாபம். பத்துப் பதினைந்து மூடையை வைத்துக்கொண்டு தூரமாக ஏற்றிப் போக வேண்டும் என்றால் களத்து விலையும் மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கணக்குப் போட்டுவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று, சாக்கு எடை, ஈரக் கழிவு என்று மூடைக்கு ஒரு கிலோ இரண்டு கிலோ கழிப்பது பேசும்போது வராது, எடை போடும்போது வரும். முன்பே பேசிவிடுங்கள். உங்கள் வீட்டில் எடை தெரிந்த ஒரு மூடையை அவர் தராசில் முதலில் வைத்துப் பாருங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஈரம் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கையில எடுத்தா காஞ்சுதான் இருக்கு!

கை பொய் சொல்லும். விதி 17 சதவீதம். மெஷினில் அறுத்த நெல் 20, 22 என்று இருப்பது சாதாரணம், அன்றைக்கு வெயில் அடித்தால் மேல்தோல் காய்ந்து மொறுமொறு என்று இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே. கடலோரத்தில் இன்னொரு தொந்தரவு, பகலில் காயவைத்ததை மூடாமல் விட்டால் ராத்திரிப் பனியும் கடல்காற்றும் திரும்ப ஈரத்தைக் கொடுத்துவிடும். சாயங்காலம் நான்கு மணிக்கே குவித்துத் தார்ப்பாய் போட்டுவிடுங்கள்.

மழையில் நனைந்த வருடங்களில் மாநில அரசு கேட்டு மத்திய அரசு வரம்பைத் தளர்த்தியது உண்டு, 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை விட்டார்கள். ஆனால் உத்தரவு வந்த பிறகுதான் அது செல்லும், வரும் என்று நம்பி ஈர நெல்லைக் குவித்து வைத்தால் முளைத்துப்போகும்.

ஈரத்தோடு விற்பதா, காயவைத்து விற்பதா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 20 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ நெல், 17-க்கு இறங்கும்போது 96.4 கிலோ ஆகும். அதாவது எடையில் போவது மூன்றரைக் கிலோதான். ஈரத்தோடு கிலோ 21 ரூபாய்க்குக் கொடுத்தால் 2,100 ரூபாய். காயவைத்து 25 ரூபாய் 45 காசுக்குக் கொடுத்தால் 2,453 ரூபாய். இரண்டு நாள் வெயிலுக்கு 350 ரூபாய். அந்த இரண்டு நாளும் மழை வராது என்று தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஈரம் தவிர வேற என்ன பாப்பாங்க?

கல், மண் 1 சதவீதம், பதர், வைக்கோல் தூசி 1 சதவீதம், கெட்டது, நிறம் மாறியது, முளைத்தது, பூச்சி அடித்தது எல்லாம் சேர்த்து 5 சதவீதம், சுருங்கிய முதிராத நெல் 3 சதவீதம். நம் பக்கம் கடைசித் தண்ணீர் இல்லாமல் கண்மாய் வற்றிய வயல்களில் கருக்காய், அதாவது அரிசி பிடிக்காத நெல், அதிகமாகத்தான் இருக்கும், அதனால் இந்த 3 சதவீதத்தில்தான் அதிகம் மாட்டுகிறோம். ஏற்றுவதற்கு முன் காற்றில் நன்றாகத் தூற்றிவிட்டுப் போங்கள், அங்கே போய்த் தூற்றினால் கூலியும் நாளும் இரட்டிப்பு.

என்னென்ன காகிதம் கொண்டு போகணும்? எனக்குக் குத்தகை நிலம், பட்டா என் பேர்ல இல்ல.

சிட்டா, அந்தப் பருவத்துக்கான அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதாரோடு இணைத்த போன். முன்பதிவு ஆன்லைனில் செய்ய வேண்டும். அடங்கலில் நீங்கள் போட்ட பயிரும் பரப்பும் சரியாக ஏறியிருக்கிறதா என்று அறுப்புக்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிடுங்கள். அறுத்த பிறகு வயலில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

குத்தகைக்காரர்கள், சாகுபடி செய்தது நீங்கள்தான் என்ற சான்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்க வேண்டும். நில உரிமையாளரோடு மனத்தாங்கல் வருவதற்கு முன், விதைக்கும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பணம் கணக்கில்தான் வரும், கையில் வராது. சிப்பத்துக்கு இவ்வளவு என்று யாராவது கேட்டால் அப்படி ஒரு கட்டணம் எந்த விதியிலும் கிடையாது.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போனா என்ன லாபம்? அங்க நெல்லு வாங்குறாங்களா?

நெல் மட்டும் இல்லை, மிளகாய், பருத்தி, உளுந்து, எள் எல்லாம் அங்கே ஏலத்துக்குப் போகும். விவசாயியிடம் கமிஷன் பிடிக்க மாட்டார்கள், சந்தைக் கட்டணம் வாங்குகிறவர் தலையில். எடையில் ஏமாற்று இருக்காது. எனக்கு அதைவிடப் பெரிய உபயோகமாகத் தெரிவது பொருளீட்டுக் கடன். சரக்கைக் கிடங்கில் வைத்துவிட்டு அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் வாங்கலாம். மாசியில் மிளகாய்ப் பழம் பறிக்கக் கூலி கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அவசரமாக நெல்லை அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். அவர்களுக்கு இந்த ஒரு வழி தெரிந்திருந்தால் போதும்.

அப்ப வச்சிருந்து ஆனியில வித்தா நல்ல விலை வருமில்ல?

வரலாம். ஆனால் எவ்வளவு வந்தால் நமக்குக் கட்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேலே ஈரக் கணக்கில் பார்த்த அதே 100 கிலோவை மாதக்கணக்கில் வைக்க வேண்டும் என்றால் 14 சதவீதத்துக்காவது காய வேண்டும், அப்போது அது 93 கிலோ. இன்று கிடைக்கும் 2,453 ரூபாயே அன்றும் கிடைக்கக் கிலோ 26 ரூபாய் 37 காசு வேண்டும். கையில் இரண்டு வட்டிக் கடன் இருந்தால் நான்கு மாதத்துக்கு 8 சதவீதம் சேரும், கிலோ 28 ரூபாய் 50 காசு வந்தால்தான் சமம். எலி, அந்துப்பூச்சி கணக்கு தனி.

ஆகவே கடன் இல்லாதவர், கிடங்கு வசதி உள்ளவர், சாப்பாட்டுக்கு நல்ல ரகம் வைத்திருப்பவர் வைக்கலாம். வட்டிக்கு வாங்கி விதைத்தவர் வைத்திருப்பது பெரும்பாலும் வட்டிக்காரருக்காக வைத்திருப்பதுதான்.

நெல்லு மொத்தத்தையும் வித்துட்டேன். வெதைக்கு ஆவணியில வாங்கிக்கலாம்ல?

இந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்க்காரர் நாற்றங்கால் விட்டு, தண்ணீர் வந்ததும் நடுகிறார். நாம் ஆவணி கடைசியிலும் புரட்டாசியிலும் காய்ந்த மண்ணை உழுது புழுதியில் விதைக்கிறோம். திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் தொடங்கி முதுகுளத்தூர், கடலாடி வரைக்கும் மாவட்டம் முழுக்க ஏறக்குறைய ஒரே இரண்டு மூன்று வாரத்தில் விதைக்கிறது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே ரகம் வேண்டும். அந்த நேரத்தில் வேளாண் விரிவாக்க மையத்தில் நாம் கேட்கிற ரகம் தீர்ந்திருக்கும், கடையில் விலை ஏறியிருக்கும், மூடையைப் பிரித்துச் சில்லறையாகக் கொடுப்பார்கள்.

அதோடு முடியவில்லை. முதல் மழையில் முளைத்த பயிர், அடுத்த மழை மூன்று வாரம் தள்ளினால் காய்ந்துவிடும். மறு விதைப்புக்கு ஐப்பசியில் ஓடுவோம். அப்போது விதை எங்கே இருக்கும்? நானே ஒரு வருடம் அப்படி ஓடி, ஒரு கடையில் பில் இல்லாமல், மூட்டைவாய் தைக்காத நெல்லை விதை என்று வாங்கிப் போட்டேன். மார்கழியில் பார்த்தால் வயலில் மூன்று உயரத்தில் கதிர். பாதி முற்றி உதிர்கிறது, பாதி பால் பிடிக்கிறது. எந்த நாளில் மெஷினை விட்டாலும் நஷ்டம். அறுத்த நெல்லும் கலப்பு என்று சன்ன விலைக்குப் போகவில்லை.

அதனால் தையில் நெல்லை அளக்கும்போதே விதையை எடுத்து வையுங்கள், அதுவும் இரண்டு விதைப்புக்கு. ஏக்கருக்கு 30 கிலோ பரிந்துரை, இரண்டு தடவைக்கு 60 கிலோ, ஏறக்குறைய ஏக்கருக்கு ஒரு மூடை. மறு விதைப்புக்குத் தேவைப்படாவிட்டால் அந்த 30 கிலோவைக் கார்த்திகையில் அரைத்துச் சாப்பிடலாம், ஒன்றும் வீணில்லை.

சொந்த நெல்லையே எத்தனை வருசம் வெதைக்கலாம்?

சாதாரண ரகமாக இருந்தால் மூன்று வருடம் வரை தாராளமாகப் போடலாம், அதன்பின் ஒரு முறை சான்று விதை வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஒட்டு ரகம் (ஹைப்ரிட்) என்றால் ஒரு தடவைகூடக் கூடாது, அடுத்த தலைமுறை கலைந்துவிடும்.

விதைக்கு என்று களத்தில் வந்து எடுக்காதீர்கள், வயலிலேயே எடுங்கள். நல்ல விளைச்சலான ஒரு மூலையை, வரப்போரம் மூன்று அடி விட்டு, கதிர் வந்ததும் கலவனை, அதாவது வேறு ரகச் செடியை, பிடுங்கி, கையால் அறுத்துத் தனியாக அடியுங்கள். மெஷினுக்குள் முந்தைய வயல்காரரின் நெல் எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

நம்ம பக்கம் கடல்காத்து. போன வருசம் வச்ச வெதை பாதிதான் முளைச்சுச்சு. எப்படி வைக்கிறது?

13 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று விதை இயலில் ஒரு பொதுக் கணக்கு உண்டு. ஆகவே காயவைப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. காலை 8 முதல் 12, மாலை 3 முதல் 5. உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் பரப்பாதீர்கள், கரு வெந்துவிடும்.

அப்புறம் சணல் சாக்கு மட்டும் போதாது, கடலோரத்தில் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நன்றாகக் காய்ந்த விதை என்றால் உள்ளே தடித்த பாலிதீன் பை போட்ட சாக்கிலோ, மூடி இறுகிய பிளாஸ்டிக் டிரம்மிலோ வையுங்கள். சரியாகக் காயாததை அப்படி அடைத்தால் புழுங்கிக் கெடும், அதனால் வரிசை முக்கியம்: முதலில் காயல், பிறகு அடைப்பு. பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி. வேப்பிலை, நொச்சி, வசம்புப் பொடி போடலாம். நம் தாத்தாமார் வைக்கோல் பிரி சுற்றிச் சாணம் மெழுகிய விதைக்கோட்டை கட்டி வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான், ஈரக் காற்று உள்ளே போகாமல் இருக்க.

மூடையில பச்சை, நீலம், வெள்ளைன்னு அட்டை இருக்கே, எது நல்லது?

வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். பச்சை என்பது உண்மைநிலை விதை, அதாவது விற்பவரே பரிசோதித்து அவரே பொறுப்பேற்று ஒட்டுவது, சான்றுத் துறை வயலுக்கு வந்து பார்த்ததில்லை. சாதாரணமாக விதைக்க நமக்கு நீலம் போதும். ஆதார விதை அடுத்து விதை உற்பத்தி செய்கிறவர்களுக்கு உரியது, மூன்று வருடம் சொந்த விதை எடுக்கலாம் என்று நினைத்தால் கொஞ்சம் வாங்கலாம்.

அட்டையின் நிறத்தைப் பார்த்ததும் நிறுத்தாமல் ரகம், குவியல் எண், பரிசோதனை நாள், காலாவதி நாள் பாருங்கள். பரிசோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம் செல்லும். நெல்லுக்கு முளைப்பு 80, உளுந்துக்கு 75, எள்ளுக்கு 80, நிலக்கடலைக்கு 70 சதவீதம் குறைந்தபட்சம்.

தையில அறுத்ததைப் பத்து நாள்ல முளைக்கப் போட்டேன், முளைக்கவே இல்ல. வெதை செத்துப்போச்சா?

சாகவில்லை, தூங்குகிறது. புது நெல்லுக்கு உறக்கநிலை உண்டு, சில ரகம் சில வாரம் முளைக்காது. அது நல்ல குணம், தை மழையில் கதிரிலேயே முளைக்காமல் காப்பாற்றுவது அதுதான். பங்குனியில் ஒரு தடவை, விதைப்புக்கு இரண்டு வாரம் முன் ஒரு தடவை சோதியுங்கள்.

மூடையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் எடுத்துக் கலந்து 100 நெல் எண்ணி, நனைத்த சாக்குத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஈரம் காயாமல் பார்த்து, எட்டாம் நாள் நல்ல வேரும் குருத்தும் விட்டதை எண்ணுங்கள். 80 வந்தால் அப்படியே போடலாம். 65 வந்தால் ஏக்கருக்கு 37 கிலோ போட வேண்டும். 60-க்குக் கீழே என்றால் அரைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் வேளாண்மைத் துறையின் விதைப் பரிசோதனை நிலையத்தில் சிறு கட்டணத்துக்குப் பார்த்துக் கொடுப்பார்கள்.

மாசிப் பட்டத்துக்கு என்ன போடலாம்? உளுந்துக்கு நல்ல விலைங்கிறாங்க.

விலை நல்ல விலைதான். 2025-26-க்கு ஆதரவு விலை குவிண்டால் உளுந்து 7,800, எள் 9,846, நடுத்தர இழைப் பருத்தி 7,710 ரூபாய். ஆனால் நெல் மாதிரி ஊருக்குப் பக்கத்தில் கொள்முதல் நிலையம் இருக்கும் என்று எண்ணாதீர்கள், பெரும்பாலும் ஏல விலைதான் நம் விலை.

விலையைவிட முதலில் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். கரித்தால் உளுந்து வேண்டாம், பயறு வகை உப்பைத் தாங்காது, முளைத்து இலை ஓரம் கருகி நிற்கும். பருத்தி இந்த விஷயத்தில் கெட்டிக்காரப் பயிர். நல்ல தண்ணீர் இருந்தால் உளுந்து வம்பன் 8 போன்ற ரகம் ஏக்கருக்கு 8 கிலோ, எள் 2 கிலோ மணலோடு கலந்து தூவ வேண்டும். எள்ளுக்குத் தண்ணீர் தேங்கவே கூடாது.

இந்த விதைகளை நெல் அறுப்புக்கு முன்பே சொல்லி வையுங்கள். அறுத்த ஈரம் மண்ணில் இருப்பது கொஞ்ச நாள், விதை தேடி ஒரு வாரம் அலைந்தால் அந்த ஈரம் போய்விடும்.

பருத்திக்கு நம்ம பஞ்சுக் கொட்டையையே போடலாமா?

கடையில் வரும் பி.டி. பருத்தி (காய்ப்புழுவைத் தாங்க மரபணு மாற்றியது) பெரும்பாலும் ஒட்டு ரகம், போடாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். 475 கிராம் பாக்கெட்டுக்கு மத்திய அரசு உச்ச விலை நிர்ணயிக்கிறது, 2025-26-க்கு 901 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் பில் கேளுங்கள், பில்லில் அந்த விலையை எழுத மாட்டார்கள்.

எங்க வயல் உப்பு வயல். என்ன நெல்லு நிக்கும்? ஜிப்சம் போடச் சொல்றாங்க.

ஜிப்சம் களர் மண்ணுக்கு, உவர் மண்ணுக்கு இல்லை. வெள்ளையாக உப்புப் பூத்தால் உவர், அதற்கு மழைத் தண்ணீரைத் தேக்கி வடியவிடுவதுதான் வழி. கறுத்து, நனைந்தால் வழுக்கி, காய்ந்தால் கல்லாக இறுகினால் களர். மண் பரிசோதனை செய்யாமல் லாரிக் கணக்கில் ஜிப்சம் வாங்கிப் பணத்தைக் கொட்டாதீர்கள். ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மண்ணையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ரகத்தில் திருச்சி வரிசை, அதாவது டி.ஆர்.ஒய். 3 போன்றவை உப்பைத் தாங்கும், ஆனால் அது 135 நாள். மார்கழிக் கடைசி வரை தண்ணீர் நிற்கிற கண்மாய்ப் பாசனத்துக்குத்தான் சரி. நெல் உப்புக்கு அதிகம் பயப்படுவது நாற்றுப் பருவத்திலும் பூக்கும்போதும். பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதால் ஓரளவு குணம் தெரியும்.

விரிவாக்க மையத்துல நான் கேட்ட ரகம் இல்லையாம். வேற எதையோ எடுத்துக்கச் சொல்றாங்க.

மானியத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. வெளியாகிப் பத்து வருடத்துக்கு உட்பட்ட ரகங்களுக்கு மானியம் கூடுதல், அதனால் அவற்றைத் தள்ளப் பார்ப்பார்கள். புது ரகம் என்பதற்காக மறுக்க வேண்டாம், ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நாள், புழுதி விதைப்புக்கு ஆகுமா, சாயுமா? பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2009-இல் கொடுத்த அண்ணா ஆர் 4 நம் மாதிரி மானாவாரிக்கு என்றே வந்தது, 100 முதல் 105 நாள், வறட்சி தாங்கும். மறு விதைப்புக்கு வைக்கும் விதை இப்படிக் குறுகிய வயதாக இருப்பது நல்லது, ஐப்பசியில் விதைத்தாலும் மாசித் தொடக்கத்தில் அறுத்துவிடலாம். இருப்பு என்ன என்று உழவன் செயலியில் பார்த்துவிட்டுக் கிளம்பினால் பஸ் செலவு மிச்சம்.

சித்திரைக்கார் வெதைச்சா விலை கூடுதலாமே?

நம் மண்ணின் சிவப்பரிசி, புழுதியில் முளைத்து வறட்சியில் நிற்கிற நெல். எனக்கு அதன்மேல் தனிப் பிரியம், வீட்டுக்கு அரை ஏக்கர் போடுகிறேன். ஆனால் கொள்முதல் நிலையத்தை நம்பி விதைக்காதீர்கள். வாங்குகிறவரை முன்பே பேசி, முடிந்தால் அரிசியாக விற்கத் திட்டமிடுங்கள். அடுத்த வயல் வெள்ளை நெல்லாக இருந்தால் அறுவடை மெஷினில் கலந்துவிடாமல் பார்க்க வேண்டும், ஒரு படி சிவப்பு கலந்தாலும் அடுத்தவர் நெல் விலை இறங்கும்.

புழுதி வெதைப்புக்கு வெதையை ஏதாவது ஊறப்போடணுமா?

முதலில் உப்புக் கரைசல். 10 லிட்டர் தண்ணீரில் சுமார் ஒன்றரைக் கிலோ உப்பு, முட்டை போட்டால் மேலே ஒரு ரூபாய் அளவு தெரிய வேண்டும். மிதக்கிற கருக்காயை எடுத்துவிட்டு, மூழ்கியதை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு 10 லிட்டருக்கு 100 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கணக்கில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரத்துக்கு உலர்த்துங்கள். முளைத்த பயிர் மழை தள்ளினாலும் சில நாள் கூடுதலாகத் தாங்கும். விதைக்கும் முன் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோய் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடி) கலக்குங்கள்.

வெதை முளைக்கல. கடைக்காரர் மழை சரியில்லைன்னு சொல்றார். யார்கிட்ட போறது?

உங்கள் வட்டாரத்து விதை ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு உங்கள் கையில் பில், அட்டை, காலிப் பை, முடிந்தால் விதைக்காமல் வைத்த அரைக் கிலோ விதை இருக்க வேண்டும். அந்த அரைக் கிலோதான் மழையா விதையா என்ற வாதத்தைத் தீர்க்கும். பில் இல்லை என்றால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும், யாரிடமும் எதுவும் கேட்க முடியாது.

பயிர்க் காப்பீடு கட்டியிருந்தா மறு வெதைப்புக்குப் பணம் வருமா?

மறு விதைப்புச் செலவு என்று தனியாக வராது. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் நம் பங்கு, மிச்சத்தை அரசுகள் கட்டும். இழப்பைப் பொதுவாக உங்கள் வயலை மட்டும் வைத்துப் பார்ப்பதில்லை, அறிவிக்கப்பட்ட கிராமத்தின் சராசரி மகசூலை வைத்துத்தான் கணக்கு. அதனால்தான் இரண்டு விதைப்புக்கு விதையைக் கையில் வையுங்கள் என்று சொன்னேன்.

எனக்கு மூணு ஏக்கர், மொத்தமே 30 மூடை. கடனும் கட்டணும், சாப்பாட்டுக்கும் வேணும். எப்படிப் பங்கு போட?

என் அளவு நிலம்தான் உங்களுக்கும், நான் செய்வதைச் சொல்கிறேன். 62 கிலோ மூடையில் மூன்று மூடை விதைக்கு, 186 கிலோ, மூன்று ஏக்கருக்கு இரண்டு விதைப்புக்கும் சரியாக வரும். அதை மற்ற நெல்லுக்கு முன் எடுத்து, காயவைத்து, தனி அறையில் வைத்துவிடுவேன். அதன்மேல் கடன் பேச மாட்டேன். பிறகு வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏழு எட்டு மூடை. மிச்சம் 19, 20 மூடையைக் காயவைத்துக் கொள்முதல் நிலையத்துக்கு. கூலிக்கு உடனே காசு தேவைப்பட்டால் அதில் நான்கைந்து மூடையை மட்டும் களத்தில் வியாபாரிக்குக் கொடுத்துச் சமாளிக்கிறேன், அவரும் ஊர்க்காரர்தான், கிலோக் கணக்கில் பேசினால் கிலோக் கணக்கில் பதில் சொல்கிறார்.

விதை மூன்று மூடையின் வாயில் ரகம் பெயர், அறுத்த தேதி, பங்குனியில் சோதித்தபோது வந்த முளைப்பு எண் மூன்றையும் எழுதிக் கட்டி வையுங்கள். ஆவணியில் வீட்டில் நீங்கள் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் எடுத்து விதைக்கத் தெரிய வேண்டும்.